பூவைப் பார்த்துப் பேசும் குத்தகை: பிள்ளைகளுக்கு எட்டுகிற இலக்கு வைப்பது எப்படி?

தை, மாசியில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்புகள் பூத்து நிற்பதைப் பார்த்தால், இந்த வருஷம் காய் தாங்க மரத்தில் கிளை போதாது என்றே தோன்றும். ஒரே பூங்கொத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் பூ இருக்கும். அத்தனையும் உதிர்ந்து, கொத்துக்கு ஒன்றோ இரண்டோ காய் கடைசிவரை நின்றாலே அது நல்ல காய்ப்பு. அதனால்தான் நாலு வருஷம் அடிபட்ட வியாபாரி, பூவைப் பார்த்துக் குத்தகைத் தொகை பேச யோசிப்பார். பிஞ்சு பிடித்த பிறகு வந்து, மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக் கணக்குப் போடுவார்.

பிள்ளைகளுக்கு இலக்கு வைக்கும்போது மட்டும் நாம் பூவைப் பார்த்தே விலை பேசிவிடுகிறோம். ஜூனில் பள்ளி திறக்கிறது. புது நோட்டுக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டும் சந்தோஷத்தில், "இந்த வருஷம் எல்லாப் பாடத்துலயும் தொண்ணூறுக்கு மேல" என்று பிள்ளை சொல்கிறது. நாமும் தலையாட்டுகிறோம். ஆகஸ்டில் அந்தப் பேச்சு யாருக்கும் நினைவில் இல்லை. கால்பரீட்சைத் தாள் கைக்கு வந்த அன்றுதான் நினைவுக்கு வருகிறது, திட்டுவதற்காக.

எட்டுகிற இலக்கு என்றவுடன் சின்ன இலக்கு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பிள்ளையின் ஆசையைக் குறுக்குவது இங்கே பேச்சே இல்லை. டாக்டராக ஆசைப்படட்டும், இஸ்ரோவுக்குப் போக ஆசைப்படட்டும். பிள்ளை இன்று எங்கே நிற்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, அங்கிருந்து எடுத்து வைக்கிற அடுத்த அடிதான் எட்டுகிற இலக்கு. நிற்கும் இடம் தெரியாவிட்டால் ஓர் இலக்கு பெரிதா சிறிதா என்று யாராலும் சொல்ல முடியாது. கணக்கில் நாற்பது வாங்குகிறவனுக்கு அறுபது மலை. ஐம்பத்தெட்டு வாங்குகிறவனுக்கு அதே அறுபது திண்ணைப் படி.

ஆசை வேறு, இலக்கு வேறு, இன்றைய வேலை வேறு

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் பாதிப் பிரச்சினை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வை எடுத்துக்கொள்வோம். என்.எம்.எம்.எஸ். என்றால் எல்லோருக்கும் தெரியும். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. தேர்வானால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், ஆக மொத்தம் 48,000 ரூபாய். மனத்திறன் தேர்வில் 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வில் 90 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம்.

"ஸ்காலர்ஷிப் வாங்கணும்" என்பது ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் 40 சதவீதத் தகுதி மதிப்பெண் எடுத்தால் மட்டும் பணம் வந்துவிடாது (பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 32 சதவீதம்). இருக்கும் இடங்கள் இத்தனைதான். மற்ற பிள்ளைகள் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பட்டியல் அமையும். அது உங்கள் பிள்ளையின் கையில் இல்லை.

"மனத்திறன் தேர்வில் இப்போது 31 சரியாக வருகிறது, பொங்கலுக்குள் 45 வர வேண்டும்" என்பது இலக்கு. ஆகஸ்டில் தொடங்கினால் ஐந்து மாதத்துக்குப் பதினான்கு கேள்வி, அதாவது மாதம் மூன்று கேள்வி கூடினால் போதும். யார் எத்தனை எடுத்தாலும் இந்த எண் மாறாது.

"தினமும் பழைய வினாத்தாளிலிருந்து எண் தொடர் கேள்வி பத்து, தப்பானதை மட்டும் திரும்ப ஒருமுறை" என்பது வேலை. இன்று ராத்திரி செய்தானா இல்லையா என்று ஆமாம், இல்லை என ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடியாததெல்லாம் வேலை இல்லை. "நல்லாப் படிக்கணும்", "கவனமா இருக்கணும்", "செல்போனைக் குறைக்கணும்" எல்லாம் இந்தச் சல்லடையில் நிற்காது.

இலக்கு குறிப்பாக இருக்க வேண்டும், அளக்க முடிய வேண்டும் என்று ஆங்கிலத்தில் 'ஸ்மார்ட்' (SMART) என்ற ஐந்து எழுத்துச் சூத்திரம் ஒன்று ஊர் ஊராகச் சுற்றுகிறது. அது 1981-இல் ஜார்ஜ் டோரன் என்பவர் கம்பெனி மேலாளர்களுக்காக எழுதியது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அந்த ஐந்து கட்டங்களையும் நிரப்பச் சொன்னால், பிள்ளை கட்டத்தை நிரப்பக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

முதல் ஐந்து நாள் இலக்கே வேண்டாம்

இதுதான் பெரும்பாலானோர் தாண்டிப் போகிற படி. ஐந்து நாள் எண்ண மட்டும் செய்யுங்கள். திட்டக் கூடாது, பாராட்டவும் கூடாது, எதையும் மாற்றவும் கூடாது. எடை போடும்போது தராசில் கை வைக்கிற மாதிரி ஆகிவிடும்.

நாலாம் வகுப்புப் பையன் தமிழ் வாசிப்பில் திணறுகிறான் என்று வையுங்கள். பாடப்புத்தகத்தில் இன்னும் நடத்தாத ஒரு பாடத்தைத் திறந்து, செல்போனில் ஒரு நிமிடம் வைத்து, சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நிமிடம் முடிந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. படித்த சொற்களை எண்ணி, தப்பாகப் படித்ததைக் கழியுங்கள். தினமும் வேறு பத்தி, ஆனால் ஏறக்குறைய அதே கடினம். பழைய பத்தியையே கொடுத்தால் மனப்பாடம்தான் கூடும், வாசிப்பு கூடாது.

ஐந்து நாளில் 24, 31, 27, 22, 29 வருகிறது. இதைச் சிறிதிலிருந்து பெரிதாக எழுதுங்கள்: 22, 24, 27, 29, 31. இரண்டாவது பெரிய எண் 29. அடுத்த வார இலக்கு அதுதான்: ஐந்து நாளில் நாலு நாள், நிமிடத்துக்கு 29 சொல். இந்த எண்ணை ஏன் எடுக்கிறோம்? அவன் இரண்டு நாள் அதை எட்டியிருக்கிறான், ஆகவே "என்னால முடியாது" என்று சொல்ல இடமில்லை. மூன்று நாள் எட்டவில்லை, ஆகவே சும்மாவும் கிடைக்காது. சராசரியை வைத்தால் முயற்சி கேட்காது. மிகப் பெரிய எண்ணை வைத்தால், அது ஏதோ ஒரு நல்ல நாளின் அதிர்ஷ்டமாக இருக்கலாம். அடுத்த வாரத்து ஐந்து எண்களை வைத்துத் திரும்பவும் அதே கணக்கு. இலக்கு பிள்ளையின் கூடவே நடக்கும்.

இணையத்தில் வகுப்பு வாரியாக நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று பட்டியல் கிடைக்கும். பெரும்பாலும் ஆங்கில வாசிப்புக்கானது. தமிழில் 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கு' என்பது ஒரே சொல். அதே கருத்துக்கு ஆங்கிலத்தில் நாலைந்து சொல் தேவைப்படும். அந்தப் பட்டியலைத் தமிழுக்குப் பிடித்து வைத்தால் எல்லாப் பிள்ளையும் மக்குப் பிள்ளையாகத் தெரியும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கிற பிள்ளைகள் நிறைய. அவர்கள் தொடங்கும் எண் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் எண்ணாக இருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை.

எதை எண்ணலாம் என்பது விஷயத்துக்கு விஷயம் மாறும். கணக்கென்றால் பத்து நிமிடத்தில் சரியாக வந்த கணக்குகள். கையெழுத்தென்றால் கோட்டுக்கு வெளியே போகாத வரிகள். ஓட்டமென்றால் நிற்காமல் சுற்றிய சுற்று. வீட்டு வேலை, பையை எடுத்து வைப்பது மாதிரியான பழக்கங்களில் ஒரே ஒரு எண் போதும்: எத்தனை தடவை நினைவுபடுத்த வேண்டியிருந்தது. ஆறிலிருந்து இரண்டுக்கு இறங்கினால் அது பெரிய முன்னேற்றம். அதை எண்ணாத வீட்டில், இரண்டு தடவையும் சேர்த்துத் திட்டு விழும்.

42 பக்கமா, 6 பக்கமா?

ஆல்பர்ட் பாண்டுரா, டேல் ஷங்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1981-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த விஷயத்தில் இன்றும் பேசப்படுகிறது. கழித்தல் கணக்கில் பின்தங்கியிருந்த, ஏழிலிருந்து பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஏழு அமர்வு. மொத்தம் 42 பக்கப் பயிற்சி. ஒரு குழுவிடம், ஒவ்வொரு அமர்விலும் ஆறு பக்கமாவது முடிக்கப் பாருங்கள் என்றார்கள். இன்னொரு குழுவிடம், ஏழாவது அமர்வு முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பாருங்கள் என்றார்கள். மூன்றாவது குழுவுக்கு இலக்கே இல்லை. கணக்கு ஒன்றுதான்: ஏழு ஆறு நாற்பத்திரண்டு. ஆனால் ஆறு ஆறாகக் கேட்டவர்கள் கழித்தலில் நன்றாகத் தேறினார்கள், தங்களால் முடியும் என்ற நம்பிக்கையும் கூடியது, பிறகு யாரும் சொல்லாமலே கணக்குப் போட்டார்கள். 42 பக்கம் என்று கேட்டவர்களோ இலக்கே இல்லாதவர்களைவிட மேலாக ஒன்றும் செய்துவிடவில்லை.

தூரத்து இலக்கு இருந்தும் இல்லாததற்குச் சமம் என்பது நம்மில் பலருக்குக் கசக்கும். "அரைப்பரீட்சைக்குள்ள" என்று சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்றிருப்போம்.

எவ்வளவு பக்கத்தில் வைப்பது? வயதைப் பொறுத்து ஒரு உத்தேசக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஐந்து, ஆறு வயதில் இலக்கு அன்றே முடிந்துவிட வேண்டும். ராத்திரி தூங்கும் முன் முடிவு தெரிய வேண்டும். ஏழிலிருந்து ஒன்பது வரை ஒரு வாரம். பத்திலிருந்து பன்னிரண்டு வரை இரண்டிலிருந்து நாலு வாரம், நடுவில் வாராவாரம் ஒரு நிறுத்தம். பதின்மூன்றுக்கு மேல் ஒரு பருவம் முழுவதற்கும் இலக்கு வைக்கலாம், ஆனால் அதையும் வாரமாக உடைத்துத்தான். பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் இதில் ஒரு படி முன்னே தாவ வைக்காதீர்கள். ஒரு படி பின்னே வந்தால் நஷ்டமில்லை.

கணக்கு வைக்க ஸ்டிக்கர் சார்ட் எல்லாம் தேவையில்லை. தருமபுரிப் பக்கத்து வீடுகளில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? இரண்டு டம்ளர். ஒன்றில் அந்த வாரத்துக் கொட்டைகள் நாலு. வேலை முடிந்த நாளில் பிள்ளையே ஒரு கொட்டையை எடுத்து அடுத்த டம்ளரில் போட வேண்டும். நீங்கள் போடக் கூடாது. ஒருநாள் போடாததற்காக வெளியே எடுக்கவும் கூடாது. கொட்டையைப் பிடுங்கும் வீட்டில் பிள்ளை இரண்டாவது வாரமே டம்ளரை ஒளித்து வைத்துவிடும்.

'எப்போ' என்பது கடிகாரத்தில் இல்லை

செய்வேன் என்பதற்கும் செய்ததற்கும் நடுவில் விழுகிற பள்ளத்தை மூடுவதற்குப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் விரிவாக எழுதிய எளிய வழி ஒன்று உண்டு: இது நடந்ததும் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுவிடுவது. நேரம் வந்ததும் யோசித்து முடிவெடுக்க வேண்டிய பாரம் பிள்ளைக்கு இருக்காது.

முடிச்சு எதோடு என்பதில்தான் சூட்சுமம். "ஆறு மணிக்குப் படிப்பேன்" என்பது பல வீடுகளில் நிற்காது. டவுன் பஸ் என்றைக்கு வருமோ, தண்ணீர் எப்போது விடுவார்களோ, கரண்ட் எப்போது போகுமோ. தினமும் தவறாமல் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள். "சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து கேனைக் கழுவி வைத்ததும், திண்ணையில் உட்கார்ந்து பத்துக் கணக்கு." இதில் எதற்குப் பிறகு, எங்கே, எவ்வளவு என்ற மூன்றும் இருக்கிறது. புத்தகமும் பென்சிலும் அந்தத் திண்ணையிலேயே ஒரு பையில் இருக்கட்டும். பென்சில் தேடப் போன பிள்ளை டிவி முன்னால் நின்றுவிடுவது உலக வழக்கம்.

தடை வரும் என்று தெரிந்தால் அதற்கும் ஒரு முடிச்சு. "அண்ணன் விளையாடக் கூப்பிட்டா, பத்து முடிச்சுட்டு வரேன்னு சொல்வேன்." வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்க வைத்தால் போதும்.

வாரத்தில் ஏழு நாளும் என்று எழுதாதீர்கள். ஐந்து நாளில் நாலு என்று வைத்தால், ஒருநாள் காய்ச்சலோ கல்யாணமோ வந்தாலும் இலக்கு உடையாது. உடைந்த இலக்கைவிட வளைந்துகொடுத்த இலக்குதான் அடுத்த வாரம் வரைக்கும் வரும். பழக்கம் உருவாவதைப் பற்றி லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைப் பெரிதாகக் கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஊர் நாட்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் பாரதக் கூத்து நடக்கிற நாட்களில் பிள்ளை விடிய விடிய விழித்திருக்கும். துரியோதனன் படுகளத்தைப் பார்க்காமல் வீட்டில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல் என்றால் அது நடக்காத காரியம், நடக்கவும் வேண்டாம். அந்த வாரத்துக்கு இலக்கைப் பாதியாக்கி, அதை முன்னாடியே சொல்லிவிடுங்கள். புளி வருகிற காலத்தில் திண்ணையெல்லாம் புளியாகக் கிடக்கும், வீட்டில் எல்லோரும் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். முழுப்பரீட்சையும் அதை ஒட்டித்தான் வரும். அந்த மாதங்களுக்குப் புதிதாக எதையும் தொடங்காமல், ஓடிக்கொண்டிருப்பதை மட்டும் காப்பாற்றிக்கொள்வது நல்லது. புது இலக்கு தொடங்க நல்ல காலம் ஜூலை, அக்டோபர். பள்ளி திறந்த முதல் வாரம் எல்லாரும் நினைப்பதுபோல் நல்ல காலமில்லை. அது பூவின் காலம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

இந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் இரண்டு வாரத்தில் சரிந்துவிடும். அப்பா அம்மா பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்க, பிள்ளையை ஆயா (பாட்டி) பார்த்துக்கொள்கிற வீடுகளில் இதை ஆயாவே செய்யலாம். எழுத்து தெரிய வேண்டியதில்லை, கொட்டை எண்ணத் தெரிந்தால் போதும். பேச்சு இப்படிப் போகலாம்:

"எத்தினி கொட்ட வுழுந்துச்சு கண்ணு இந்த வாரம்?"

"மூணு ஆயா."

"நாலுன்னு சொன்னியே. எந்தக் கெழம வுட்டுப்போச்சு?"

"வெசாழக் கெழம. டியூசன்ல டெஸ்ட்டு, லேட்டா வுட்டாங்க."

"வாராவாரம் வெசாழக் கெழமதான் டெஸ்ட்டா?"

"ஆமா."

"அப்ப அன்னிக்கி வேணா. வேற நாளு நீயே சொல்லு."

"சனிக்கெழம காலைல."

ஆயா "ஏன் செய்யல?" என்று கேட்கவே இல்லை. அந்தக் கேள்வி கேட்டால் பிள்ளை சாக்கு தேடும். "எந்தக் கிழமை?" என்று கேட்டால் நினைவைத் தேடும். விட்டுப்போன நாளுக்குத் தண்டனையும் இல்லை, "அடுத்த வாரம் ஆறு நாள் செய்" என்று வட்டியும் இல்லை. மாற்று நாளை நினைத்துப் பார்த்துச் சொன்னது பையன். அப்பா சாயந்தரம் போனில் கூப்பிடும்போது கேட்க வேண்டியதும் இவ்வளவுதான்: எத்தனை கொட்டை, அடுத்த வாரம் என்ன மாற்றம். மார்க்கு பற்றிய பேச்சை இதில் கலக்க வேண்டாம்.

எட்டாமல் போனால்

இரண்டு வாரம் தொடர்ந்து எட்டவில்லை என்றால், சோம்பேறி என்ற முடிவுக்கு வருவதற்கு முன் மூன்று இடத்தைத் தட்டிப் பாருங்கள்.

அளவு அதிகமா? ஐந்து நாள் கணக்கை மறுபடி எடுத்தால் தெரிந்துவிடும். முதல் கணக்கு லீவு நாட்களில் எடுத்ததாக இருக்கலாம்.

நேரம் தப்பா? மூன்று நாள் ஒரே காரணத்துக்காக விட்டுப்போயிருந்தால் முடிச்சு தப்பான இடத்தில் விழுந்திருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் என்று வைத்த முடிச்சு, தூங்கி விழுகிற பிள்ளையிடம் எப்படி நிற்கும்?

திறமை குறைகிறதா? இதைத்தான் அடிக்கடி தவறவிடுகிறோம். ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு "தினமும் பத்து வகுத்தல்" என்று இலக்கு. அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடும் எட்டாம் வாய்ப்பாடும் வராது. பத்து வகுத்தல் இல்லை, இரண்டு வகுத்தல் என்று குறைத்தாலும் அந்த இரண்டும் தப்பாகத்தான் வரும். இங்கே இலக்கையே மாற்ற வேண்டும்: இரண்டு வாரத்துக்கு வகுத்தலே வேண்டாம், ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகவும் நடுவிலிருந்தும் கேட்டால் சொல்ல வேண்டும். இலக்குகளைப் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்த எட்வின் லாக், கேரி லாதம் இருவரின் வேலையிலும் இது ஒரு முக்கியமான பாடம். வழி தெரிந்த வேலைக்கு எண் இலக்கு நன்றாக உழைக்கும். வழியே தெரியாத வேலைக்கு, முதலில் வழியைக் கற்பதைத்தான் இலக்காக வைக்க வேண்டும். எண்ணை வைத்துக்கொண்டு துரத்தினால் பதற்றம்தான் கூடும்.

ஆறு வாரம் ஆகியும் வாசிப்பு எண் நகரவே இல்லை, அல்லது பிள்ளை புத்தகத்தை மூக்கருகே பிடிக்கிறது என்றால் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். கண்ணாடி தேவைப்படுகிற பிள்ளைக்கு எந்த இலக்கும் வேலை செய்யாது.

கெடுக்கும் விஷயங்கள்

ரேங்கை இலக்காக்குவது முதலாவது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் மாநில ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. வீடுகளில் மட்டும் இன்னும் நிற்கவில்லை. ரேங்க் என்பது பாதி மற்றவர்களின் மார்க்கு. பிள்ளை பத்து மார்க்கு கூட வாங்கியும் ரேங்க் இறங்கலாம். உழைத்த வாரத்தில் தோற்ற கணக்கு எழுதப்பட்டால், அடுத்த வாரம் உழைக்க என்ன காரணம்? சித்தப்பா பையனோடு ஒப்பிடுவதும் இதே வகைதான்.

அடுத்தது லஞ்சம். மார்க் லெப்பர் குழுவினர் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமாக இருந்த மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளுக்குத்தான் வரைவதில் ஆர்வம் குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்குக் குறையவில்லை. பிள்ளைக்கு ஏற்கெனவே பிடித்ததற்கு விலை பேசாதீர்கள். பிடிக்காத வேலைக்குத் தொடக்கத்தில் சின்னதாக ஏதாவது தருவதில் தப்பில்லை, ஆனால் மூன்று வாரத்தில் அதைக் கழற்றிவிட வேண்டும். நாலு கொட்டையும் விழுந்த ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒகேனக்கல் கூட்டிப்போய்விட்டு வந்தால், அதைப் பரிசு என்று சொல்லவே வேண்டாம்.

"நீ புத்திசாலிடா" என்ற பாராட்டும் ஆபத்தானது. 1998-இல் கிளாடியா மூல்லர், கேரல் டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனைகளில், புத்திசாலி என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமான புதிர்கள் வந்ததும் சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சியைப் பாராட்டப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். "தப்பு வந்த இடத்துல நிறுத்தி மறுபடி போட்டியே, அது நல்லா இருந்துச்சு" என்று கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள்.

எண்ணுக்காகவே ஓடுவது இன்னொன்று. நிமிடத்துக்கு 29 சொல் என்றதும் பையன் சொல்லை விழுங்கிவிட்டு ஓடுவான். பத்துக் கணக்கு என்றதும் கிறுக்கித் தள்ளுவான். அதற்குத்தான் தப்பைக் கழிக்கச் சொன்னது. கூடவே, படித்து முடித்ததும் "கதைல என்னடா நடந்துச்சு?" என்று ஒரு கேள்வி. பதில் வராவிட்டால் அன்றைக்குக் கொட்டை இல்லை.

ஒரே நேரத்தில் ஐந்து இலக்கு வைப்பது பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஒன்று வையுங்கள். அதிகபட்சம் இரண்டு, அதுவும் ஒன்று படிப்பு, ஒன்று விளையாட்டாக இருந்தால்.

உண்டியல் கணக்கு

படிப்பு என்றாலே முகம் சுருங்கும் பிள்ளைக்குப் பணத்தில் தொடங்குவது சுலபம், ஏனென்றால் அங்கே எண் பொய் சொல்லாது. ஒன்பது வயதுப் பையனுக்கு 450 ரூபாய்க்கு ஷட்டில் பேட் வேண்டும். வாரம் இருபது ரூபாய் சேர்ப்பேன் என்கிறான். 450-ஐ 20-ஆல் வகுத்தால் 22.5, அதாவது 23 வாரம். ஜூனில் தொடங்கினால் நவம்பர். ஒன்பது வயதுக்கு நவம்பர் என்பது அடுத்த ஜென்மம்.

அதோடு, இருபது என்பது அவன் வாய்க்கணக்கு. இரண்டு வாரம் எண்ணிப் பார்த்தால் பதினான்கு, பதினாறுதான் விழுகிறது. மீதி பள்ளிக்கூட வாசலில் மாங்காய்க்கும் குச்சி ஐஸுக்கும் போகிறது. பெரியவர்களுக்கும் இதே கதைதான். 1994-இல் வந்த ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று சொன்ன கல்லூரி மாணவர்களுக்கு உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது. ஆகவே, பிள்ளை சொல்கிற காலத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொள்ளுங்கள், அல்லது சொல்கிற தொகையில் கால்வாசியைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இங்கே திருகுவதற்கு மூன்று குமிழ் இருக்கிறது: பொருள், காலம், உதவி. பொருளைக் குறைத்து 250 ரூபாய் பேட் பார்க்கலாம். அல்லது உதவியைக் கூட்டலாம்: "உன் பங்கு 120, எட்டு வாரம், வாரம் பதினைந்து, மீதி எங்க பங்கு." எட்டு வாரத்தை நாலு நாலாக உடைத்து, நாலாவது வாரம் 60 ரூபாய் சேர்ந்ததும் அவனே கடைக்குப் போய் பேட்டைக் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வரட்டும். ஆறாவது வாரம் இரக்கப்பட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். சேர்ப்பதைவிட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது வேகமான வழி என்ற பாடத்தை அவன் ஒரே நாளில் கற்றுக்கொள்வான்.

கைமாற்றிக் கொடுப்பது

முதல் இலக்கை நீங்கள் இரண்டாகக் காட்டுங்கள், ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். இரண்டாவது முறை விஷயம் பிள்ளையுடையது, எண் உங்களுடையது. மூன்றாவது முறை ஐந்து நாள் எண்களைப் பிள்ளையே வரிசையாக எழுதி, இரண்டாவது பெரியதைச் சுழித்துக் காட்ட வேண்டும். ஓர் இலக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் ஒரு வாரம் சும்மா விடுங்கள். டம்ளர் இரண்டும் காலியாக இருக்கட்டும்.

நாலாவது முறை நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே, "அடுத்த வாரம் முப்பத்தஞ்சு" என்று பிள்ளை சொல்லும். உடனே சரி என்றும் சொல்லாதீர்கள், முடியாது என்றும் சொல்லாதீர்கள். "அஞ்சு நாள் கணக்கு எங்க?" என்று மட்டும் கேளுங்கள். நோட்டை எடுக்க உள்ளே ஓடுகிறதா, இல்லை தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். சொறிந்துகொண்டு நின்றால் இன்னொரு சுற்று நீங்கள் கூட உட்கார வேண்டியிருக்கிறது.